மூன்றாம் நாள் மட்டும் போனால் போதுமா?

பெப்ரவரி 24, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

அண்ணை, ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். மார்ச்சில் ஊருக்கு வருகிறோம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் விளையாடும் மூன்று நாள் கிரிக்கெட் மட்ச், அந்த வடக்கின் பெரும் போரை மகனுக்குக் காட்ட வேண்டும் என்பது கனகால ஆசை. அவனுக்கு 12 வயது. வியாழனும் வெள்ளியும் காணி அலுவல், அசைய ஏலாது. சனிக்கிழமை மட்டும் வரலாம். மச்சான் சொல்கிறார், மூன்றாம் நாள் மட்ச் செத்துப் போயிருக்கும், சனமும் ஆரவாரமும் முதல் நாள்தான் என்று. அந்த வெய்யிலில் பிள்ளையைக் கொண்டுபோய் இருத்துவது சரியா?

பெப்ரவரி 24, இரவு 9.40

போங்கள். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் மூன்றாம் நாளைத்தான் எடுக்க வேண்டும்.

முதல் நாள் சனம் கூட என்பது உண்மை. கொடி, பப்பரே பாண்ட் வாத்தியம், பழைய மாணவர்களின் கட்டிப்பிடிப்பு எல்லாம் அன்றைக்குத்தான். ஆனால் அன்றைக்கு ஒரு பெடியன் ஆட்டமிழந்தால் அவனுக்கு இன்னொரு இனிங்ஸ் இருக்கிறது. மூன்றாம் நாள் பின்னேரம் அது இல்லை. அதற்காகத்தான் நான் போவது.

மச்சான் சொல்லும் செத்த மட்சும் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு பக்கமும் முதல் இனிங்ஸிலேயே நாளை ஓட்டிவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பார்க்க ஒன்றும் இராது. அப்படியும் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நாலாவது இனிங்ஸில் ஒரு அணி ஏழு விக்கெட்டை இழந்து, வெல்லவும் ஏலாமல், தோற்கவும் விருப்பமில்லாமல் நிற்கிற ஒரு மணித்தியாலம் கிடைத்தால் உங்கள் மகன் அதை மறக்க மாட்டான். சமநிலைக்கு விளையாடுவதைச் சலிப்பு என்று சொல்பவர்கள் அதைக் கிட்ட இருந்து பார்க்காதவர்கள்.

பெப்ரவரி 25, காலை 6.15

நேற்று ஆசையில் எழுதிவிட்டு வேண்டிய விபரத்தை விட்டுவிட்டேன்.

மட்ச் மத்திய கல்லூரி மைதானத்தில். பஸ் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை எல்லாம் பக்கத்தில்தான். மகன் இடையில் களைத்தால் நூலகத்தைக் காட்டலாம். 1981 இல் எரிந்தது இந்த நூலகம்தான் என்பதை நீங்களே சொல்லுங்கள். மட்ச் பார்க்க வந்த இடத்தில் கேட்டால் அந்த வயதில் மனதில் நிற்கும்.

மேற்குப் பக்கமாக இடம் பிடியுங்கள். பின்னேரச் சூரியன் கோட்டைப் பக்கம்தான் இறங்கும், அது முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கிழக்கில் இருந்தால் முக்கியமான கடைசி மணித்தியாலம் முழுக்கக் கண் கூசும். தொப்பி கட்டாயம். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஆளுக்கு இரண்டு தண்ணீர்ப் போத்தல். மத்தியானத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு வாருங்கள். கச்சான், கடலை, உப்பும் தூளும் போட்ட மாங்காய், ஐஸ்பழம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். மூன்று மணி தாண்டினால் பண்ணைக் கடல் பக்கத்துக் காற்று வரும். அதுவரை பொறுங்கள்.

இன்னொன்று. மகனிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். ஸ்கோர் எழுதட்டும். எழுதினால் அலுப்புத் தெரியாது.

பெப்ரவரி 25, இரவு 10.05

ஒரு திருத்தம். "சமநிலை" என்று எழுதினேன். பேப்பர்காரரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கும் அதுவே கைக்கு வந்தது. ஆனால் மகன் கேட்டால் குழம்புவான். இரண்டு அணியும் சரிக்குச் சரி ஓட்டம் எடுத்து, கடைசி அணியின் எல்லா விக்கெட்டும் விழுந்து முடிவது டை. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டே இரண்டு: 1960 இல் பிரிஸ்பேன், 1986 இல் சென்னை. நான் சொன்னது டிரோ. நேரம் முடிந்துவிட்டது, ஒருவரும் வெல்லவில்லை. டையில் இரண்டு பேரும் சமம். டிரோவில் அப்படியில்லை. ஒரு பக்கம் நூறு ஓட்டத்தால் பின்தங்கி நிற்கலாம், ஆனால் தோற்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிசாகப் படுகிறது. இனி டிரோ என்றே எழுதுகிறேன்.

பெப்ரவரி 27, மாலை 5.30

மகன் கேட்ட பொலோ ஒன் கேள்வி. முதல் இனிங்ஸில் எதிரணியை விடக் குறிப்பிட்ட அளவு பின்தங்கினால், முன்னிலையில் இருக்கும் தலைவர் விரும்பினால், பின்தங்கிய அணியை உடனேயே மறுபடியும் துடுப்பெடுத்தாட வைக்கலாம். ஐந்து நாள் மட்சுக்கு அந்த அளவு 200 ஓட்டம், மூன்று நாளுக்கு 150, இரண்டு நாளுக்கு 100. தலைவருக்கு அது ஒரு தலையிடி. தன் பந்துவீச்சாளர்கள் களைத்திருப்பார்கள், வெய்யிலோ கொளுத்தும், திரும்பவும் அவர்களையே ஓடச் சொல்ல வேண்டும். 18 வயதுப் பெடியன் ஒருவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியரைப் பார்த்துப் பார்த்து அதை முடிவெடுப்பதைப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 28, இரவு 11.20

நித்திரை வரவில்லை, அதனால் இது.

அப்பாதான் எனக்கு மூன்றாம் நாளைப் பழக்கியவர். அவருக்கு முதல் நாளில் ஆர்வமே இருந்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, வேட்டியை மாற்றி, சைக்கிளில் முன்னால் என்னை ஏற்றிக்கொண்டு போவார். பென்சிலால் சின்னக் கொப்பியில் புள்ளி வைப்பார். ஓட்டம் இல்லாத பந்துக்குப் புள்ளி. நான் நாலு, ஆறு எங்கே என்று தேடுவேன். அவர் புள்ளிகளைத்தான் எண்ணுவார்.

1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் அந்தக் கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. நாங்கள் தென்மராட்சியில் ஒரு உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அங்கே இருக்கும்போதுதான் 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எனக்கு 11 வயது. மின்சாரம் கிடையாது, பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவில் வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, அப்பா மிதித்தார். மிதி தளர்ந்தால் வர்ணனையாளரின் குரல் தேய்ந்துபோகும். "மிதியுங்கோ, மிதியுங்கோ" என்று நாங்கள் கத்துவோம், குரல் திரும்ப எழும்பி வரும். அவுஸ்திரேலியா 241. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டால் இலங்கைக்கு வெற்றி. அது யாருடைய வெற்றி என்று விறாந்தையில் பெரியவர்களுக்குள் பேச்சு நடந்தது, அதில் கோபமும் இருந்தது. எனக்கு அன்றைக்கு அரவிந்த மட்டும்தான்.

அந்த இரவு மைதானமும் இல்லை, படமும் இல்லை. ஒரு சில்லுச் சுற்றுகிற சத்தமும் குரலும்தான். ஒவ்வொரு பந்துக்கும் காத்திருப்பது என்றால் என்ன என்று அங்கேதான் விளங்கியது.

மார்ச் 1, காலை 7.00

கேட்டவருக்கு: ஓம், போர்க்காலத்தில் சில வருடங்கள் மட்ச் நடக்கவில்லை. 1904 இல் தொடங்கியது, இடையில் தடைப்பட்டும் நூறு தடவைக்கு மேல் விளையாடிவிட்டார்கள். பரி. யோவான் கல்லூரி 1823 இல் தொடங்கியது, மத்திய கல்லூரியின் வேர் 1816. இரண்டும் மிஷனரிமார் தொடங்கியவை, ஒன்று அங்கிலிக்கன், மற்றது மெதடிஸ்த.

மார்ச் 2, இரவு 8.45

போன குறிப்பில் "போர்க்காலம்" என்று எழுதிவிட்டுக் கனநேரம் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். மட்சின் பெயரும் போர்தான். பொன் அணிகளின் போர், இந்துக்களின் போர் என்று மற்ற மட்சுகளும் அப்படியே. சில பேப்பர்கள் சமர் என்று போடுகின்றன. பழக்கத்தில் வந்த பெயர், மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டா. "சென்றல் மட்ச்" என்றுதான் சொல்வா. வீட்டில் நாங்களும் அப்படித்தான்.

மார்ச் 3, பிற்பகல் 1.10

டிரோ பற்றி இன்னொருவர் கேட்டதற்கு. 2014 ஐ எடுங்கள். லோர்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக இலங்கைக்கு ஒரே ஒரு விக்கெட் மிச்சம். கடைசி ஓவரில் நுவன் பிரதீப் ஐந்து பந்துக்குத் தாக்குப் பிடித்தார், டிரோ. அடுத்தது ஹெடிங்லி. இப்போது அதே நிலையில் இங்கிலாந்து. மொயின் அலி சதம் அடித்து நிற்கிறார், மறுமுனையில் அண்டர்சன் 55 பந்துக்கு ஒரு ஓட்டமும் எடுக்காமல் நின்று, கடைசிப் பந்தில் ஷமிந்த எரங்கவிடம் ஆட்டமிழந்தார். இலங்கை இங்கிலாந்தில் தொடர் வென்றது அந்தப் பந்தில்தான். எங்கள் பக்கம் வென்றது. ஆனாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்டர்சனின் முகம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. 55 பந்து!

மார்ச் 3, பிற்பகல் 2.30

திருத்தம்: கடைசிப் பந்து இல்லை, கடைசிக்கு முதல் பந்து. இன்னும் ஒரு பந்து தாண்டியிருந்தால் இங்கிலாந்து தப்பியிருக்கும்.

மார்ச் 4, இரவு 10.50

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எந்த வருடம், எந்தப் பாடசாலை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெடியன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

மூன்றாம் நாள், கடைசி மூன்று ஓவர். ஒரு விக்கெட் விழுந்தால் வெற்றி. பந்து துடுப்பின் விளிம்பில் பட்டு சிலிப்பில் நின்றவனின் நெஞ்சுக்கு நேரே போனது. இரண்டு கையும் போய், பிடித்து, விட்டுவிட்டான். மட்ச் டிரோ. எங்களுக்குப் பின்னால் இருந்த பெரிய மனிதர்கள், நன்றாகப் படித்தவர்கள், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அரை மணித்தியாலம் ஏசினார்கள். அவன் தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டு நின்றான். நானும் ஏசினேன். அப்போது எனக்கு இருபதும் ஆகவில்லை, ஆனால் அதைச் சாட்டாகச் சொல்லக் கூடாது. அப்பா கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும் வரைக்கும் கதைக்கவில்லை.

பிறகு ஒரு கலியாண வீட்டில் அந்த ஆளைச் சந்தித்தேன். கிரிக்கெட் கதை வந்ததும் எழும்பிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கப் பின்னால் போனேன், ஆள் போய்விட்டார்.

தம்பி, மைதானத்தில் உங்களுக்குப் பக்கத்தில் யாராவது ஒரு பெடியனின் பெயரைச் சொல்லி ஏசினால், மகனைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்தில் போய் இருங்கள். விளையாடுகிறவர்கள் 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

மார்ச் 6, காலை 6.40

யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். சுழற்பந்து வீசுபவர்களைப் பாருங்கள். மூன்றாம் நாள் பந்து விழும் இடம் தேய்ந்திருக்கும், அவர்களுக்கான நாள் அது. விஜயகாந்த் வியாஸ்காந்த் மத்திய கல்லூரிப் பிள்ளைதான். 2020 இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு வந்தார், 2024 இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு லெக் ஸ்பின் போட்டார். அங்கே அவருக்கு நாலு ஓவர். இங்கே நாலு ஓவர் என்பது கை சூடேறுகிற நேரம். ஒரு துடுப்பாட்டக்காரன் உங்கள் பந்தை 20 ஓவருக்கு அடிக்கவே மாட்டேன் என்று நின்றால் அவனை எப்படி ஆசை காட்டி வெளியே இழுப்பது என்பதைப் பெடியள் கற்பது இந்தப் பின்னேரங்களில்தான்.

மார்ச் 7, இரவு 10.30

வந்தார்கள். முழு நாளும் இருந்தோம். கை வலிக்க எழுதுகிறேன்.

இரண்டு பக்கத்துப் பழைய மாணவர்களும் இதை வாசிப்பதால் அணிகளின் பெயரை விடுகிறேன். காலையில் போகும்போது ஒரு பக்கம் இரண்டாவது இனிங்ஸை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குச் சற்று முதல் டிக்ளேர், அதாவது போதும் என்று தாங்களே இனிங்ஸை முடித்தார்கள். மற்றப் பக்கத்துக்கு 250 க்குக் கிட்ட வேண்டும். ஆரம்பத்தில் அடித்தும் பார்த்தார்கள். பிறகு ஒரே ஓவரில் இரண்டு விக்கெட். தேநீர் இடைவேளைக்கு 7 விக்கெட் போய்விட்டது, ஓட்டம் 120 தாண்டவில்லை. மகன் கேட்டான், "மாமா, இனி இவை தோற்கிறதுதானே?" நான் சொன்னேன், கடைசி ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்தது 20 ஓவர் போட வேண்டும், அதற்கு முதல் உள்ள ஓவர்களையும் சேர்த்து எண்ணு என்று. எண்ணினான். "பெரிய தொகை" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஐஸ்பழம் கேட்கவில்லை.

ஆறாவதாக வந்த ஒரு பெடியன் அசையாமல் நின்றான். மெலிந்தவன், ஹெல்மெட் தலையை விடப் பெரிசு. இடக்கைச் சுழற்பந்து. சிலிப், சில்லி பொயின்ட், ஷோர்ட் லெக் என்று அவனைச் சுற்றி ஆறு பேர். அவன் செய்தது ஒரே காரியம். முன்காலைப் போட்டு, துடுப்பைக் காலோடு ஒட்டி, கையைத் தளர்த்திப் பிடித்தான். பந்து துடுப்பில் பட்டு அவன் காலடியிலேயே செத்து விழுந்தது. இறுக்கிப் பிடித்தால் அது பக்கத்தில் நிற்பவன் கைக்குப் போகும். ஒவ்வொரு பந்துக்கும் இதே காரியம். பந்துவீசுபவனும் குறைந்தவன் இல்லை. ஒன்றைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போட்டான், ஒன்றை வேகமாக. இடையில் ஒன்று நேரே போனது, மைதானமே "ஓ" என்றது.

கடைசி மணித்தியாலத்தில் ஆறாவது ஓவரில் எட்டாவது விக்கெட். பதினைந்தாவது ஓவரில் ஒன்பதாவது. பதினோராவது ஆளாக வந்த பிள்ளைக்குக் காலில் பாட் ஒழுங்காகக் கட்டப்படவில்லை, நடக்கும்போது கழன்றது. நடுவர் காத்திருக்க, மெலிந்தவன் முழங்காலில் இருந்து அதைக் கட்டிவிட்டான். மகன் என் கையைப் பிடித்தான்.

ஐந்து ஓவர், 30 பந்து. பப்பரே நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு ஐயா ஒவ்வொரு பந்துக்கும் எழும்பி இருந்தார். ஓவர் முடிய ஒருக்கால் அவர் கத்தினார்: "தம்பி, வீட்டை போக அவசரப்படாதை, சோறு இன்னும் அவியேல்லை!" இரண்டு பக்கத்துச் சனமும் சிரித்தது, அந்தப் பிள்ளையும் சிரித்தது என்று நினைக்கிறேன், ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் தோள் இறங்கியது.

பதினோராவது ஆள் 14 பந்து நின்றான். ஓட்டம் பூச்சியம். கடைசிப் பந்து அவன் காலில் பட்டது, பதினொரு பேரும் ஆட்டமிழப்புக் கேட்டார்கள், நடுவர் இல்லை என்று தலையை அசைத்தார். முடிந்தது.

இடக்கைச் சுழற்பந்துவீச்சாளன் மைதானத்திலேயே குந்திவிட்டான். மெலிந்தவன் போய் அவனைத் தூக்கி நிமிர்த்திவிட்டான். அதற்குள் கொடியோடு சனம் இறங்கிவிட்டதால் மிச்சம் தெரியவில்லை.

மார்ச் 8, காலை 9.15

இரண்டு திருத்தம்.

எட்டாவது விக்கெட் ஆறாவது ஓவரில் என்று எழுதினேன். மகனின் கொப்பியில் ஏழாவது. அவன் எழுதியதுதான் சரி, நான் அந்த நேரம் தண்ணீர் வாங்கப் போனேன்.

அடுத்தது, அக்கா நோர்வேயில் இருந்து போன் எடுத்தா. மேலே எழுதியதை வாசித்திருக்கிறா. "சைக்கிள் மிதிச்சது அப்பா இல்லையடா, அம்மா" என்றா. அப்பாவுக்கு அந்தக் கிழமை காய்ச்சல், விறாந்தையில் படுத்திருந்து கொப்பியில் எழுதினார். இருட்டில் சீலையை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தது அம்மா. நான் முப்பது வருடமாக அப்பாவையே அந்தச் சைக்கிளில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஓம், கால் ரெண்டு நாள் நொந்தது" என்றா. "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றேன். "நீ கேக்கேல்லையே."

மார்ச் 8, இரவு 8.20

தம்பி, கொப்பியை என்னுடைய சைக்கிள் கூடையில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த கிழமை கொழும்புக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், பயப்பட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். கடைசி மூன்று பக்கமும் புள்ளிதான். ஒரு ஓவரில் மட்டும் ஏழு புள்ளி இருக்கிறது. நடுவர் ஒரு பந்தைக் கூடுதலாக விட்டாரா, இவன் ஒன்றைக் கூடுதலாக எழுதினானா தெரியவில்லை. நான் அழிக்கவில்லை. அவனையே கேட்டுச் சொல்லுங்கள்.